இருபத்தொன்றும் பதினாறும்

எண்பதுகளின் நடுவில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தேன். மாரெட்பள்ளியிலிருந்து தினமும் கம்பெனி பஸ். மின்நிலையங்களுக்கான கண்காணிப்புத் திரை ஒன்றுக்கு புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. புதிய அளவுகள் வரும்போதெல்லாம் அந்தத் திரை ஒரு கணம் சிமிட்டியது. எழுத்துகளை மெமரியின் ஓரிடத்திலிருந்து திரைக்குரிய இடத்துக்கு நகலெடுக்க ஆகும் நேரம்தான் காரணம்.

"இதற்குமேல் வேகம் வராது" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பிராசஸரில் எல்டிஐஆர் என்றொரு கட்டளை உண்டு. எத்தனை பைட் என்று சொல்லிவிட்டால் மொத்தத்தையும் அதுவே நகலெடுத்துவிடும். ஒரே ஒரு கட்டளை. அதைவிடக் குறைவாக என்ன எழுத முடியும்?

சோதனைப் பிரிவில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். லோத்குண்டாவில் வீடு, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டிப்ளமா படித்தவர் என்பதால் புரோகிராம் எழுதும் வேலையை அவருக்குத் தரமாட்டார்கள். ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்த எல்டிஐஆர் நக்கோ, வேணாம். ஒவ்வொரு பைட்டுக்கும் அது தன்னையே திரும்பப் படிக்குது. ஒரு பைட் மட்டும் நகத்துற எல்டிஐ இருக்கில்ல? அதையே பதினாறு தடவ வரிசையா எழுதி, முடியிற வரைக்கும் சுத்த விட்டுப் பாருங்க."

"பதினாறு வரி எப்படிங்க ஒரு வரிய விட வேகமா ஓடும்?"

"ஸ்கோப்ல போட்டுப் பாத்துரலாமே."

நகல் தொடங்கும்போது ஒரு பின்னில் மின்னழுத்தம் ஏறி, முடிந்ததும் இறங்கும்படி இரண்டு வரி சேர்த்தேன். அவர் ஆஸிலாஸ்கோப்பை மாட்டினார். முதலில் என்னுடையது: பச்சைத் திரையில் அகலமான ஒரு மேடு; அந்த அகலம்தான் நகலெடுக்க ஆன நேரம். அடுத்து அவர் சொன்னது. மேடு நன்றாகவே ஒடுங்கியது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னேன். பிறகு கையேட்டை எடுத்தேன். ஒரு பைட்டுக்கு எல்டிஐஆர் எடுப்பது பிராசஸர் கடிகாரத்தின் இருபத்தொரு துடிப்பு, எல்டிஐ பதினாறு. நான் எத்தனையோ முறை புரட்டிய பக்கம் அது.

திரை சிமிட்டுவது நின்றது. ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். டெக்னீஷியன் அந்த அறையில் இல்லை. யோசனை அவருடையது என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் இந்த மாற்றத்துக்கான டிசைன் குறிப்பை டைப் செய்து, அவர் பெயரை முதலிலும் என் பெயரைக் கீழேயும் போட்டுக் கொண்டுபோனேன். டிசைன் குறிப்பில் டெக்னீஷியன் பெயர் வரும் வழக்கமில்லை என்றார் மேலாளர். நேற்று நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டேன். என் பெயர் மட்டும் போனால் அது பொய்யாகிவிடும் என்றேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு இரண்டு பெயர்களையும் இடம் மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முதலில் என் பெயர்தான் வந்தது. அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஒரு பிரதியை டெக்னீஷியனிடம் கொடுத்து, கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"இன்னொரு காப்பி கிடைக்குமா மேடம்? வீட்டுக்கு வேணும். இங்கயே வளந்த பசங்க, தமிழ் படிக்க வராது. இது இங்கிலீஷ்தானே, என் பேரப் படிச்சுக்குவாங்க."