பழைய சர்வரும் இரண்டு தொப்பிகளும்

ஒரகடம் பக்கத்துக் கேன் தண்ணீரின் பிளாஸ்டிக் வாசம் எனக்குத் தெரியாமல் போன அன்றே கிளம்பியிருக்க வேண்டும். ஓர் ஊரின் தண்ணீர் பழகிவிட்டால் என் கால் அங்கே நிற்காது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான். கோவில்பட்டிப் பக்கம் கேபிள் டிவி வயர் இழுத்தேன். போர்வெல் லாரியில் ஆந்திரா போனேன். சிசிடிவி கேமரா மாட்டும் ஓர் ஆளோடு மதுரையைச் சுற்றினேன். பிறகு சுங்குவார்சத்திரம் வந்து காண்ட்ராக்டில் ஒரு பாக்டரி லைனில் நின்றேன். ஷிப்ட் மாறும்போது கட்டிலும் கை மாறுகிற ஹாஸ்டல் அறை. நான் எழுந்த சூட்டிலேயே இன்னொருத்தன் வந்து படுப்பான். காண்ட்ராக்ட் முடிந்ததும் கட்டில் போனது. பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, அது முழுசாக என் கட்டிலாக இருந்ததே கிடையாது.

அதற்குப் பிறகு வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷெட். தகட்டை நசுக்கி வண்டிகளுக்கு கிளாம்ப் செய்யும் இடம். எடுபிடி வேலை, ஷெட்டிலேயே தூக்கம். கொஞ்ச நாளில் அதுவும் கசந்தது. ஓசூரில் மொட்டைமாடிகளில் சோலார் பலகை மாட்ட ஆள் கேட்டார்கள். எங்கள் சரக்கை ஏற்றிப் போகும் லாரி டிரைவர், “திங்கக்கிழம லோடு அந்தப் பக்கம்தான் போவுது, ஏறிக்கோ” என்றார். நான் பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள்தான் ஷெட்டை ஒரகடத்துக்கு மாற்றினார்கள். முதலாளிக்கு வயதாகி, நிர்வாகம் மருமகன் கைக்கு வந்திருந்தது. நாங்கள் அவரை மாப்பிள்ளை சார் என்போம். புது ஷெட் பழையதைப் போல நாலு மடங்கு. மாடியில் அவருக்கு ஏசி அறை, கீழே கண்ணாடி அடைத்த ஒரு கேபின், தூரத்தில் கேட். பிரஸ் மெஷின்களெல்லாம் வந்து இறங்கிவிட்டன. மிச்சம் இருந்தது சர்வர்.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மஞ்சளேறிப்போன ஒரு பழைய தகரப் பெட்டி, முட்டி உயரம். மாமனார் காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராம் அதில் ஓடியது. சரக்கு வெளியே போக டெலிவரி சலான் வேண்டும். அந்தச் சலானை அந்தப் பெட்டிதான் அடித்துத் தரும். அதோடு இன்னும் இரண்டு கம்ப்யூட்டர், சலான் அடிக்க ஒன்று, கேட்டில் வண்டியைப் பதிய ஒன்று. மூன்றையும் ஒரே கறுப்பு வயர் வரிசையாகக் கோத்திருந்தது.

“கேமரா மாட்டற வேலையெல்லாம் பாத்திருக்கேன்னு சொன்னேல்ல? இதையும் மாட்டிடு. வயர்தானே?” என்றார் மாப்பிள்ளை சார்.

“மாட்டிருதேன் சார்.” வயர்தானே என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் பக்கத்தில் நின்ற, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அக்காவிடம் திரும்பினார். “நாளைக்கு மொத லோடு இதுல சலான் அடிச்சுப் போகணும். போகலேன்னா நான் புது ஆப் போட்டுக்கறேன். அதுக்கு ஒரு பொண்ணு ரெடியா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவருடைய கார் கேட்டைத் தாண்டும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்களாமே! வேற எப்டி எடுத்துக்கறதாம்?” என்றாள்.

அக்கா வல்லக்கோட்டைக்காரி. அவள் வீட்டு நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோடவுன் நிற்கிறது. நாற்பதைத் தாண்டியவள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் லைனுக்கு இருபது வயசுப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். “கேட்டாண்டயே பொறந்த தேதியக் கேட்டுத் தொரத்திடுவான்பா. இது ஓடலன்னா நான் வூட்ல குந்திக்கினு சுவத்தப் பாக்க வேண்டியதுதான்” என்றாள். புது ஷெட்டில் கண்ணாடி கேபினில் அவளுக்கு மேஜை போட்டிருந்தார்கள். ஏசியில் உட்காரப்போவது வாழ்க்கையிலேயே முதல் தடவை. குளிருமென்று ஒரு சால்வை கொண்டுவந்திருந்தாள்.

குட்டியானை வண்டியில் சர்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், விசேஷ வீட்டுக்கு சாம்பார் தூக்கிப் போகிற மாதிரி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பைத் தூக்கித் தூக்கி. மாடி அறையில் இறக்கி பிளக்கைச் செருகினேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் தட்டு சுழலத் தயங்கி, ஒரு முனகல் முனகி, பிறகு சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, தேதி கேட்டு நின்றன. உள்ளே இருக்கும் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் அது வாங்கிய காலத்துக்கே போய்விடும். அக்கா குனிந்து தேதியைத் தட்டினாள்.

“இதுக்கு மட்டும் வயசே ஏற மாட்டுது பாரு.”

பெட்டி பிழைத்தது. இனி வயர். பழைய வயரைப் பழைய ஷெட்டிலிருந்து பிடுங்கியபோதே சுருட்டி மூட்டையில் போட்டிருந்தேன். அது காலையிலேயே சுங்குவார்சத்திரம் ரோட்டிலிருக்கும் ஸ்கிராப் கடைக்குப் போய்விட்டது. அந்த நீளம் புது ஷெட்டுக்குப் போதாது. என்னிடம் கேமரா வேலையில் மிஞ்சிய ஒரு ரோல் வயர் இருந்தது. முனையில் மாட்டுகிற கனெக்டர் பின்னும் அதே மாதிரிதான், திருகினால் பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முதுகிலும் T போல மூன்று வாய் உள்ள ஒரு துண்டு இருக்கும். ஒரு வாய் கம்ப்யூட்டருக்கு, ஒன்று வருகிற வயருக்கு, ஒன்று போகிற வயருக்கு. மாடியிலிருந்து கேபினுக்கு, கேபினிலிருந்து கேட்டுக்கு இழுத்து முடித்தேன்.

அக்கா கேபினில் உட்கார்ந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டினாள். சர்வரைக் காணவில்லை என்றது திரை. கேட்டிலும் அதே.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். வயர் எங்கும் அறுபடவில்லை. பின்களை வெட்டிப் புதிதாகப் போட்டேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டோம், மறுபடி தேதி தட்டினோம். மாடிக்கும் கேட்டுக்கும் ஓடி ஓடிச் சட்டை முதுகோடு ஒட்டியது. வெளியே போய் டீ குடித்தேன். ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக கன்டெய்னர் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஏதாவது ஒன்றில் கை காட்டி ஏறிவிடலாமா என்று இருந்தது. பையும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. டிரைவர் போன் செய்து, “காலைல ரெடியா இரு, தூங்கிடாத” என்றார். அவருக்கு என்ன தெரியும்.

திரும்பி வந்தபோது அக்கா கேட் கம்ப்யூட்டரின் பின்னால் மண்டியிட்டிருந்தாள்.

“டேய் தம்பி, தொப்பி எங்கடா?”

“என்ன தொப்பிக்கா?”

“இந்த வாயில ஒரு தொப்பி மாட்டிகினு இருக்கும்டா. மொத மிஷின்ல ஒண்ணு, கடேசி மிஷின்ல ஒண்ணு. ஒரு தபா தூசி தட்டறேன்னு கழட்டிட்டேன். மூணும் படுத்துகிச்சு. மாட்ன ஆளு வந்து என்ன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்.”

அந்தத் தொப்பிகள் எனக்கு ஞாபகம் இருந்தன. விரல் நுனி அளவு. சும்மா தூசி போகாமல் இருக்க மாட்டிய மூடி என்று நினைத்துக் கழற்றி மூட்டைக்குள் போட்டது நான்தான். கேமராவில் அப்படி ஒரு சமாசாரமே கிடையாது. வயரில் போகிற சேதி முனையில் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வருகிற சேதியோடு மோதும். அதை முனையிலேயே அடக்கத்தான் அந்தத் தொப்பி. இதெல்லாம் பிறகு போனில் தேடிப் படித்தது.

“நான்தான்க்கா தூக்கிப் போட்டேன். மூட்டையில இருக்கு.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கேமரா மாட்டறவனாம் கேமரா. மொதல்ல கண்ணு மாட்டிக்கோ. வா.”

அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். சால்வையைக் கழற்ற மறந்திருந்தாள், அது என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. கன்டெய்னர்களுக்கு நடுவில் அவள் ஓட்டிய ஓட்டத்தில் வல்லக்கோட்டை முருகனை நான் இரண்டு தடவை கூப்பிட்டேன்.

ஸ்கிராப் கடையில் ஓர் ஆள் வயர்களின் தோலைப் பிளேடால் கிழித்துச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் மூட்டை வாய் அவிழ்ந்து அவனுக்கு அடுத்ததாக இருந்தது.

“அண்ணே, ரெண்டே ரெண்டு தொப்பி. பொறுக்கினு போயிடறோம்” என்றாள் அக்கா.

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. “பொறுக்கறதுக்கு இது இன்னா கத்திரிக்கா கடையா? எடுத்தா மூட்டையோட எடு. இல்லாட்டி நடையக் கட்டு.”

“காலைல நாங்க குடுத்த மூட்டதாண்ணே.”

“காலைல குடுத்தீங்க. இப்ப அது என்னுது.”

வேறு வழியில்லாமல் காசு கொடுத்து மூட்டையோடு எடுத்தோம். கொட்டிப் பார்த்தால் ஒரு தொப்பிதான் இருந்தது. இன்னொன்றை அந்த ஆள் பித்தளை என்று தொட்டிக்குள் வீசியிருந்தான். குழாய்த் திருகு, அடுப்பு பர்னர், அறுந்த பூட்டு, யார் வீட்டுக் குத்துவிளக்கின் தலையோ. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து கை கறுக்கக் கிளறினோம். அக்காதான் எடுத்தாள். எடுத்ததும் சால்வை முனையில் முடிந்துகொண்டாள்.

“பித்தளைக்கு இவ்ளோ மரியாதையாம்மா?” என்றார் கடைக்காரர்.

“எனக்கு இந்த வயசுல யாரும் வேல குடுக்க மாட்டாங்கண்ணா. இதான் குடுக்கணும்.”

மூட்டையோடு திரும்பி வந்து தொப்பிகளை மாட்டினோம். திரையில் சர்வர் தெரிந்தது. அக்கா “வந்துட்ச்சுடா!” என்று கத்தி, ஒரு சோதனைச் சலான் அடித்தாள். பிரிண்டர் கம்பெனி பேரை அடித்தது, தேதியை அடித்தது, கிளாம்ப் என்ற வார்த்தையின் பாதியில் நின்றது. மறுபடி அடித்தால் இரண்டு வரி கூட வந்தது. அதற்கடுத்த தடவை ஒன்றுமே வரவில்லை. பாதிச் சலானை வைத்துக்கொண்டு எந்த லாரியும் வெளியே போக முடியாது. அக்கா ஒவ்வொரு தாளாகக் கிழித்து மடித்து வைத்தாள்.  திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு உட்கார முடியவில்லை. மூட்டையிலிருந்து விழுந்த பழைய வயரைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தோலில் அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். பழையதில் ஐம்பது என்று இருந்தது. என் கேமரா வயரில் எழுபத்தைந்து. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் நடுவில் ஒரு கம்பி. பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் பழையது விரலுக்கு ஒல்லியாக இருந்தது. ஐம்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று மட்டும் தெரிந்தது.

“அக்கா, வயரு தப்பு. பழசையே போட்டுப் பாப்போம்.”

“அப்ப போடு.”

“நீளம் பத்தாதுக்கா. மாடிக்கும் போகாது, கேபினுக்கும் வராது, கேட்டுக்கும் எட்டாது. மூணையும் ஒரே இடத்துல வச்சாத்தான் உண்டு.”

“எந்த இடத்துல?”

மூன்றுக்கும் சேர்த்துப் பிளக் இருந்தது ஒரே மூலைதான். பெரிய பிரஸ்ஸுக்குப் பக்கத்தில், தண்ணீர் கேன் வைக்கிற இடம். கை காட்டினேன். அக்கா அதைப் பார்த்தாள், கண்ணாடி கேபினைப் பார்த்தாள்.

“ஏசி போயிருமேக்கா.”

“ஏசில குந்திக்கினு இன்னா பண்றது? அந்தப் பொண்ணு வந்து எயுப்பி வுடறதுக்கா? தூக்குடா மேஜைய.”

மேஜையைத் தூக்கினோம், சர்வரை மாடியிலிருந்து இறக்கினோம், கேட் கம்ப்யூட்டரையும் உள்ளே கொண்டுவந்தோம். கேட்டிலிருந்த வாட்ச்மேன், “அப்ப நான் ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள நடந்து வரணுமா? மழ பேஞ்சா?” என்று சண்டைக்கு வந்தார். “கொட எடுத்துக்கினு வாண்ணா” என்றாள் அக்கா. மூன்று கம்ப்யூட்டரும் ஹாஸ்டல் பையன்கள் மாதிரி முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. வயரை மாட்டி, இரண்டு முனையிலும் தொப்பியைத் திருகினேன். அக்கா தேதியைத் தட்டினாள், பிறகு சலானை. பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் அடித்தது. இன்னொன்று அடித்தாள், அதுவும் முழுசாக வந்தது. மூன்றாவதையும் அடித்துப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

மறுநாள் காலையில் பிரஸ் ஓட ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. அக்காவும் நானும் தொப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. இரண்டின் மேலும் குங்குமம் வைத்திருந்தாள்.

“சாமிக்காக்கா?”

“அடையாளத்துக்குடா. குங்குமம் வெச்சத எவனும் கழட்ட மாட்டான், நீயே கழட்ட மாட்ட.”

மாப்பிள்ளை சார் வந்தார். கண்ணாடி கேபின் காலியாக இருப்பதைப் பார்த்தார், பிறகு மூலையைப் பார்த்தார். “என்னய்யா இது, கல்யாண வீட்ல மொய் எழுதற மேஜை மாதிரி?”

அக்கா சலானைக் கிழித்து நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே படித்தார். தேதியைத் திரும்பவும் பார்த்தார். லாரி வெளியே ஹாரன் அடித்தது.

“சரி. ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்றார். “அந்தப் பொண்ண நான் வேற எங்கயாவது போட்டுக்கறேன்.” பிறகு என்னிடம், “நீ இங்கயே மெயின்டெனன்ஸ்ல இருந்துடு” என்றார்.

என் பை தோளில் இருந்தது. “ஓசூர்ல சொல்லிட்டேன் சார்” என்றேன். உண்மையில் ஓசூரில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சால்வையை மடித்துத் தூசிக்காக சர்வர் பக்கத்திலிருந்த மானிட்டர் மேல் போட்டாள்.

நான் லோடு மேல் ஏறிக்கொண்டதும் லாரி கிளம்பிக் கேட்டில் நின்றது. வாட்ச்மேன் சலானையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “மேல யாருய்யா அது? சலான்ல ஆளு போடலயே!”

உள்ளேயிருந்து பிரஸ் சத்தத்துக்கு மேலே அக்காவின் குரல் வந்தது. “ஸ்கிராப்பு! போவட்டும் வுடுண்ணா!”

“ஸ்கிராப்புக்கும் சலான் வேணுமே!”

“அதுக்குத் தாள் வேஸ்ட் பண்ண முடியாது!”

அவர் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். வண்டி ரோட்டுக்குத் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அக்கா எழுந்து வரவில்லை. அடுத்த லோடுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். பிரிண்டரின் கீச்சு கேட் வரைக்கும் கேட்டது.