ஐந்தில் நிறம் மாறாத குடுவை

ஏப்ரல் 8, செவ்வாய், காபிஸ், துனீசியா.

இன்று ஒரு சின்னத் தப்புச் செய்தேன். அதைத்தான் முதலில் எழுத வேண்டும். மற்றதை நம்பாதவர்கள் என் உடைந்த பல்லைப் பார்க்கலாம்.

கந்தக அமிலத்தின் மூலக்கூற்று எடை 98. நார்மாலிட்டி என்ற செறிவளவைக் கணக்கிட, அதை இரண்டால் வகுத்து 49 என்று கொள்ள வேண்டும். நான் வகுக்க மறந்தேன். லிட்டருக்கு 49 கிராம் இருந்த கரைசலை 0.5 நார்மல் என்று எழுதினேன். உண்மையில் அது 1.

மாலை வகுப்பின் இந்தச் சோதனைகளில் தேறினால்தான் உரத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை.

6.41. எங்கள் ஆசிரியர் பஷீர் உஸ்தாத் மஃரிப் தொழப் போனார். கூடத்தில் நானும் என்னோடு சோதனை செய்யும் பெண் விதாதும் மட்டும்.

"டேய் நிசார், அஞ்சு மில்லியில நிறம் மாறலேன்னா இதை நீயே குடிக்கணும்."

"நீ போடுற டீயையே குடிச்சவன் நான்."

குடுவையில் பத்து மில்லி அமிலம். அளவுக் குழாயான பியூரெட்டைத் திறந்தேன். ஒரு நார்மல் காரம் குடுவையில் விழுந்தது. சொட்... சொட்... ஐந்து மில்லி. நிறம் மாறவில்லை. திருகை மூடினேன்.

சொட்...

மூடித்தான் இருந்தது.

6.46. என் பிடரியில் ஒரு கை.

விதாத் எனக்கு எதிரே நின்றாள். அவள் கைகள் இரண்டும் மேசைமேல்.

"எத்தனை?" காதருகே ஓர் ஆண் குரல்.

"அரை... அரை நார்மல்."

முகம் மேசையில் மோதியது. பல் தெறித்தது.

"எத்தனை?"

"அரை..."

மறுபடியும். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது...

விதாத் பாய்ந்து என்னை இழுத்தாள். ஏதோ அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது. விழுந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"ரெண்டால வகுக்கலடா மடையா! ஒண்ணுன்னு சொல்லு!"

"ஒண்ணு!"

கை விட்டது.

பியூரெட்டில் சரியாகப் பத்து மில்லி. குடுவை இளஞ்சிவப்பு.

6.49. கூடத்தில் மறுபடி நாங்கள் இருவர் மட்டும்.

மருத்துவமனையில் தாதி சல்வா என் பிடரியில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தார்.

"அந்தக் கூடத்துலேர்ந்தா வரே தம்பி? இதே தடத்தோட நீ மூணாவது ஆளு."

"மத்த ரெண்டு பேரு?"

பஞ்சைக் கீழே வைத்தார். "கடைசி மூச்சு வரைக்கும் ஏதோ ஒரு கணக்கையே சொல்லிட்டுக் கிடந்தாங்க. தப்பான கணக்காம்."

நாளை மாலை 6: பாஸ்பாரிக் அமிலம். இதற்கும் மூலக்கூற்று எடை 98. வகுப்பது இரண்டாலா, மூன்றாலா என்று உஸ்தாத் தொழப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும். கையில் கட்டோடு வருவேன் என்கிறாள் விதாத். மேசையில் அவள் முறை.