அம்புக்குறி

செல்போன் ரிப்பேர் கடையில் சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும், உத்திரமேரூரில் இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் டெக்னிகல் ஸ்கூலும், வெயிலேறினால் டக்டக்கென்று சத்தமிடும் அதன் தகரக் கொட்டகையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மின்சாரம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு ஓடுவதாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்ட வாத்தியார், நிஜத்தில் எலக்ட்ரான்கள் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடுகின்றன என்றார்.

"அப்ப இன்னாத்துக்கு சார் இப்டி போடறோம்?" என்று கேட்டேன்.

"மொதல்ல தெரியாம போட்டுட்டாங்கடா. எல்லாருக்கும் பழகிப்போச்சி."

அந்த வருஷம் அம்மா, அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு முதலில் சாலவாக்கத்துக்கும், அங்கிருந்து பம்பாய்க்கும் போய்விட்டிருந்தாள். சாயங்காலம், பூட்டிய வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் ஊரான பெருநகருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போல் விசாரித்தார்.

"அம்மா வந்துடுச்சாடா?"

"வந்துக்கினு கீதுண்ணே."

எனக்கும் பழகிப்போயிருந்தது.