தரிசாகக் கிடந்த மூலை

சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார என்னால் முடியாது. அப்படிப்பட்டவள் வாட்டர்கலரைக் கையில் எடுத்தது என் தலையெழுத்து. ஒரு பூச்சு பூசினால் அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதுவும் ஐப்பசி மாதத்துத் தஞ்சாவூரில், துவைத்துப் போட்ட துணியே காய மறுக்கும்போது, பேப்பர் மட்டும் எனக்காகக் காய்ந்துவிடுமா? ஊதிப் பார்ப்பேன். ஃபேனைக் கூட்டி வைப்பேன். மகளின் ஹேர் டிரையரைத் தேடுவேன். அதற்கும் பொறுக்காமல் ஈரத்திலேயே பிரஷை வைத்துவிடுவேன். பச்சைக்குள் பச்சை ஓடி, காலிஃபிளவர் பூத்த மாதிரி ஒரு விளிம்பு கட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பேப்பர் குப்பைக்குத்தான் போகும்.

இத்தனை நாளும் அது எனக்கும் குப்பைக்கூடைக்கும் இடையிலான விஷயமாக இருந்தது. இந்தத் தடவை அப்படி இல்லை. என் தங்கை குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறாள். அங்கேயே இருந்துவிடுவதாக ஏற்பாடு. "அக்கா, நம்ம வயலை வரைஞ்சு குடு. போட்டோ போன்ல நெறையக் கெடக்கு, அது வேணாம். நீ வரைஞ்சதுதான் வேணும்" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவளுக்கு விமானம். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, அவள் வீட்டுக்காரர் வேலை என்று எல்லாம் முடிவான பிறகு, போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வது? சொல்லாத பேச்செல்லாம் நெஞ்சில் கிடந்து அரித்தது. படமாவது நன்றாக வரவேண்டும் என்று வெறி பிடித்தாற்போல் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

பேப்பரின் வெள்ளைதான் வெளிச்சம், அதைத் தொடாமல் விடு என்று பார்க்கிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிரஷ் கையில் வந்துவிட்டால் எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே கை போய்விடும். வானத்தில் கொஞ்சம் விட்டு வைத்தால் அரை நிமிடத்தில் அங்கே ஒரு நீலம். வரப்போரத்தில் விட்டால் அங்கே ஒரு பச்சை. ஞாயிற்றுக்கிழமை முடித்த படத்தை என் கணவர் வாங்கிப் பார்த்தார்.

"உன் படத்துல எப்பவும் மோடம் போட்டே இருக்கே. ஒரு நாளாவது வெயில் அடிக்காதா?"

"அடுப்புல பால் பொங்குது, அதைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. தங்கையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலுக்குப் போனேன். அப்பா காலத்துக்குப் பிறகு அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குறுவை ஆனியில், சம்பா புரட்டாசியில் என்று வருஷத்துக்கு இரண்டு நடவு; இப்போது சம்பா நட்டுப் பச்சை கட்டியிருந்தது. அடியில் தண்ணீர் நிற்பதே தெரியாமல் பயிர் மூடிக்கொண்டுவிட்டது. தங்கை எப்போதும் போல ரோட்டிலேயே நின்றுகொண்டாள். சின்ன வயதிலும் அப்படித்தான். சேறு என்றால் அவளுக்கு ஆகாது. நடவு நாளில் நான் முழங்கால்வரை இறங்கி நாற்றை ஊன்றிக்கொண்டிருக்க, இவள் செருப்பைக் கழற்றாமல் கரையில் நிற்பாள்.

வயலின் வடக்கு மூலையில் கொஞ்சம் இடம் நடாமல் கிடந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு தண்ணி நிக்குது, அந்த மூலையைத் தரிசாப் போட்டு வச்சிருக்காங்க பாரு."

"நாத்து பத்தாமப் போயிருக்கும்க்கா. விடு. அந்த எடத்துத் தண்ணிலதான் வானம் தெரியுது" என்றாள்.

ஆமாம், அங்கே மட்டும்தான் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே பச்சை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் தரிசு என்பது கிட்டத்தட்டக் கெட்ட வார்த்தை. யாராவது வயலைச் சும்மா போட்டு வைத்தால் அவர்கள் குடும்பத்துக்கே ஏதோ ஆகிவிட்டதாகப் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நான் பேப்பரிலும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு சாண் வெள்ளை கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது, நட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை மதியம் புதுத் தாளை எடுத்தேன். வானத்துக்கு ஒரு பூச்சு, பயிருக்கு ஒரு பூச்சு. வடக்கு மூலையைத் தொடவில்லை. பூசி முடித்ததும் கை துறுதுறுத்தது. ஒரு கொக்காவது வைக்கலாமே, நாலு நாற்றாவது ஊன்றலாமே என்று மனசு பிடுங்கியது. வீட்டிலேயே இருந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்து, கதவைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போனேன். தேவையே இல்லாமல் கொத்தமல்லி வாங்கினேன். எதிரில் வந்தவர்கள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது காய்ந்திருந்தது. மூலையில் வெறும் பேப்பர். அதில் தண்ணீர் நின்றது, வெயிலும் அடித்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஹாலெல்லாம் பெட்டிகள். அவள் துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன்.

"அந்த மூலையை அப்படியே விட்டுட்டியேக்கா. உன்னால எப்படி முடிஞ்சுது?"

போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் "கெடக்கட்டும். நீ வந்து நடு" என்றேன்.

சேற்றில் கால் வைக்காதவளிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. படத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"குறுவைக்கா, சம்பாவுக்கா?"