தனக்கோடியின் நான்கு டயர்கள்

செங்கல்வராயனைக் கடற்கரையை விட்டே துரத்த வேண்டும் என்பதற்காகத்தான் தனக்கோடி அக்கா வேன் வாங்கினாள். வேறு காரணம் எதையும் அவள் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் இதை மறைத்ததுமில்லை.

எங்கள் குப்பம் புதுப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது. கரைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே வெறும் மணல். அதைத் தாண்டினால்தான் மீன் செங்கல்பட்டு மார்க்கெட்டைப் பார்க்கும். தாண்ட வைக்கும் மாட்டு வண்டிகள் அத்தனையும் செங்கல்வராயனுடையவை. ரோட்டில் காத்திருக்கும் ஐஸ் லாரியும் அவருடையது. அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்த குடும்பம். அவர் மீனைத் தொடவே மாட்டார், அதை வைத்துப் பிழைப்பார்.

அக்காவின் புருஷன் நீலமேகத்தின் தொடையில் ஒருநாள் திருக்கை முள் ஏறியது. கரைக்குக் கொண்டுவந்தபோது ரத்தம் நிற்கவில்லை. வண்டிகளில் அப்போதுதான் மீன் ஏற்றியிருந்தார்கள். ஒரு வண்டியை மட்டும் இறக்கி, ஆளை ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அக்கா காலில் விழுந்தாள். ஐஸ் கரைந்துவிடும், வண்டி போய்த் திரும்பட்டும் என்றார் செங்கல்வராயன். வண்டி திரும்பும்போது நீலமேகம் படகு நிழலில் செத்துக் கிடந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி மாடுகளின் கழுத்து மணிச் சத்தத்தைக் குப்பத்தில் யாரும் மறக்கவில்லை.

அக்கா கட்டுமரத்தையும் வலைகளையும் விற்றாள். கூடை தூக்கி மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு மீன் கொடுத்தாள். சில வருடங்கள் கழித்து, பட்டாளத்தில் கழித்துக்கட்டிய பழைய வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்தாள். முன்சக்கரம், பின்சக்கரம் நான்கும் இழுக்கிற வண்டி.

வேனோடு அவள் வந்து நின்றது ஷஃபியுல்லா பாயின் டயர் கடையில். செங்கல்பட்டில் அந்தக் கடையில்தான் நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். குப்பத்தில் முதலில் பி.எஸ்ஸி. முடித்தவன் நான். விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தேன், பதில் வரும்வரை பில். படித்தது எதற்கு என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்வேன்.

வேனில் இருந்தவை பட்டன் டயர்கள். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு, நடுவில் ஆழப் பள்ளம் ஓடும். பார்த்தாலே எதையும் பிறாண்டிக்கொண்டு ஏறிவிடும் என்று தோன்றும். தெற்கே ஆள் நடமாட்டமில்லாத முகத்துவாரத்து மணலில் ஓட்டிப் பார்த்தோம். பிறாண்டத்தான் செய்தது. பிறாண்டிப் பிறாண்டித் தனக்குத் தானே குழி தோண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. அக்கா மணலில் உட்கார்ந்து அந்தக் குழியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய்க்கு மலை ரோட்டு ஜீப்பும் சேற்று டிராக்டரும் தெரியும், மணல் தெரியாது. நான் பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வண்டியின் எடை மாறப்போவதில்லை. அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவி மணல்மேல் உட்கார்கிறது என்பதே விஷயம். அகலமான டயர் வேண்டும். பட்டன் வேண்டாம், தேய்ந்து மழுங்கியதாக இருந்தால் நல்லது. காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டால் டயர் சப்பையாகி இன்னும் பரவும். அதற்கு உள்ளே நூல் அடுக்குக் குறைவாக, மெத்தென்று இருக்க வேண்டும். பாய் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது கியர் பெட்டி உடைந்துவிடும்.

அதே பதினாறு அங்குல ரிம்மில் ஏழரைக்குப் பதில் ஒன்பது சைஸ் மாட்டினோம். திருப்பினால் மட்கார்டில் உரசியது. வெல்டிங் பட்டறையில் மட்கார்டை வெட்டி எறியச் சொன்னாள் அக்கா. வண்டி அழகு போய்விடுமே என்றார் பாய். கல்யாண ஊர்வலத்துக்கா எடுத்திருக்கிறேன் என்று கேட்டாள்.

மறுபடி முகத்துவாரத்துக்குப் போனோம். காற்றை இறக்கினோம். வேன் நிறைய மணல் மூட்டை. மெதுவாக, ஒரே சீராக, வேன் மேட்டில் ஏறிப் போனது. என் படிப்பு முதல்முதலாக ஒரு வேலைக்கு ஆனது. அதுவும் பழி வாங்கும் வேலைக்கு. அதில் நான் வருத்தப்பட வேண்டுமா என்று யோசித்தேன். வருத்தம் வரவில்லை.

இதற்குள் செங்கல்வராயனுக்குச் சேதி போய், அவரும் அதே மாதிரி வேன் ஒன்றை வாங்கிவிட்டார். மாட்டு வண்டிகளை அச்சரப்பாக்கத்துக்கே திருப்பி அனுப்பினார். டயர் மட்டும் பாக்கி. அவர் லாரி டிரைவர் மூர்த்தி எங்கள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்து, ஒட்டிய பிறகும் போகாமல் நின்றான். அக்கா வேனை வெல்டிங் பட்டறையில் மறைவாக விட்டுவிட்டு, அவனைப் பார்க்காதவள் போல் உள்ளே வந்தாள். புதிதாக வந்திருந்த பட்டன் டயர்களைத் தடவிப் பார்த்தாள்.

"பாய், இந்த நாலையும் யாருக்கும் குடுத்துடாதே. நான் வந்து எடுத்துக்கினு போறேன்."

மூர்த்தி போன பிறகு பாய் முகத்தைச் சுளித்தார். கடைக்கு வருகிறவனிடம் தன்னால் பொய் சொல்ல முடியாது, மணலுக்கு எது நல்லது என்று செங்கல்வராயன் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றார்.

"சொல்லு பாய். நான் தடுக்கல. ஆனா அவன் கேக்க மாட்டான்."

கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் செங்கல்வராயன் எப்படி நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். கூடையில் கிடப்பது விலை உயர்ந்த வஞ்சிரமா, மலிவான காரலா என்று அவர் குனிந்து பார்த்ததே இல்லை. எதிரில் ஏலம் கேட்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார். எந்தக் கூடைக்கு அந்த முகம் ஏங்குகிறதோ அதற்கு மேலே கேட்டுப் பிடுங்கிக்கொள்வார். அப்படியே பெரிய ஆளானவர்.

மறுநாளே வந்தார். எந்த மாதிரி மணல் என்று பாய் ஆரம்பித்தார். செங்கல்வராயன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவ எத்தக் கேட்டாளோ அத்த மாட்டு."

பாய் என்னைப் பார்த்தார். பில் எழுதினேன்.

எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏலம் எடுத்தவர் அந்த மீனைக் கரையிலிருந்து வெளியேற்றிய பிறகுதான் அடுத்த வலைக்கு வாய் திறக்கலாம். மீன் கரையில் கிடந்து நாறக் கூடாது என்பதற்காக வைத்தது.

அன்று காலையில் முதல் வலையே கனம். அக்கா ஆசைப்படுகிற முகத்தோடு விலையை ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில் விட்டுக்கொடுத்தாள். செங்கல்வராயன் சிரித்துக்கொண்டே ஈர மணல் ஓரம் வரை வேனைக் கொண்டுவரச் சொல்லி ஏற்றினார். இறக்கத்தில் காலியாக வந்த வண்டிக்குச் சிரமம் தெரியவில்லை. மீனோடு திரும்பியதும் தெரிந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து நான்கு குழி தோண்டின. மூர்த்தி பதறி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழே போனது.

அடுத்த வலை வந்தது. செங்கல்வராயனால் ஏலம் கேட்க முடியவில்லை. அக்கா எடுத்தாள், ஏற்றினாள், சப்பைச் சக்கரங்களோடு அவர் பக்கத்திலேயே ஏறிப் போனாள். தார் ரோட்டில் என் கையில் பம்பு. காற்றில்லாமல் தாரில் ஓடினால் டயர் சூடாகி வெடித்துவிடும். காற்றடித்து, மீனை வாடகை லாரிக்கு மாற்றி, மறுபடி காற்றை இறக்கித் திரும்பினோம். அதற்குள் கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

முதலில் மூர்த்தி வந்து கயிறு கேட்டான். அக்கா அடுத்த வலை மீனைக் கூடையில் வாரிக்கொண்டே இருந்தாள். பிறகு அவரே வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. குப்பமே சுற்றி நின்றது, யாரும் அந்த வண்டியில் கை வைக்கவில்லை.

"ஒரு இழுப்பு இழுத்துக் குடும்மா," என்றார் தணிந்த குரலில். என்ன கேட்டாலும் தருவதாகச் சொன்னார்.

அக்கா நிமிர்ந்தாள். "கயிறும் கீது, வண்டியும் கீது. எனக்குத்தான் மனசு இல்ல."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. மூர்த்தி தலையில் கையை வைத்துக்கொண்டு கரையேறினான். முதலில் ஒரு அலை பானெட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு வந்தவை உள்ளே போயின. ஏற்றிய மீன் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வந்தது. பிள்ளைகள் பொறுக்கப் போனார்கள். அந்த ஆள் மீன் நமக்கு எதற்கு என்று எங்கள் குப்பத்துக் கிழவி குப்பம்மா அவர்களை அதட்டித் திருப்பினாள். எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அதைக் கருணை என்று சொல்ல முடியாது.

அக்கா அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். படித்தவன் நினைப்பது அப்படித்தான் போலிருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு விடை வந்ததும் பென்சிலை வைத்துவிடுகிறோம்.

உப்புத் தண்ணீர் குடித்த என்ஜினைச் செங்கல்வராயன் கழற்றி மாற்றினார். இந்தத் தடவை கடைக்கு வந்து, பாயிடம் மணலுக்கு எது நல்லது என்று வாயைத் திறந்து கேட்டார். பாய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: ஒன்பது சைஸ், அகலம், மழுங்கல், அடுக்குக் குறைவு, நான்கும் ஒரே தேய்மானம். அப்படி ஒரு செட் கடையில் இருந்தது. பணத்தோடு நாளை வருவதாகச் சொல்லிப் போனார்.

மூர்த்தி டீக்கடையில் பேசியது புதுப்பட்டினம் வரை போயிருக்க வேண்டும். மறுநாள் கடை திறக்கும்போது அக்கா வாசலில் நின்றாள். அவள் வண்டியில் இருப்பவை இன்னும் வருடக்கணக்கில் உழைக்குமே, இவை எதற்கு என்று பாய் கேட்டார்.

"எனக்கு இன்னாத்துக்கு பாய்? அவனுக்கு இருக்கக் கூடாது."

முன்பணம் வாங்கவில்லை, யார் முதலில் காசு கொடுத்தாலும் கொடுக்க வேண்டியதுதான் என்று பாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா ஒவ்வொரு டயராக வேனுக்கு உருட்டினாள். கடைசி டயரை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"தம்பி, பில்லு அப்புறம் எழுது. இத்த உருட்டு."

உருட்டினேன். செங்கல்வராயன் அந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றே மெதுவாக உருட்டினேன். இதை என்னைச் செய்யச் சொன்னது என் படிப்பா, என் குப்பமா என்று தெரியவில்லை. என் கைக்கு அந்த டயர் கனமாகவே இல்லை.