மண்ணில் ஊற்றிய ஒயில்

எண்பத்தாறில் ஜேர்மனியில் அகதியாக இருந்தபோது, ஒரு பூங்காவில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. எனக்கு டொச் மொழி தெரியாது. பொறுப்பாளர் கையால் காட்டுவார், நான் செய்வேன். நாள் முழுவதும் அவ்வளவுதான் பேச்சு.

அன்று புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒயில் மாற்றினேன். ஊரில் வேலிக்குக் கறையான் பிடிக்காமல் ஊற்றுவதுபோல, பழைய ஒயிலை மரவேலியின் அடியில் ஊற்றிவிட்டேன். கடைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் அகதி முகாமில் இருந்த, டொச் பேசத் தெரிந்த சாந்தி அதைக் கண்டு நின்றாள்.

"என்ன அண்ணை செய்தனீங்கள்? இஞ்ச நிலத்தில ஒயில் ஊத்தினா பொலிசுக்குச் சொல்லுவினம். உங்கட அகதி வழக்கும் பழுதாப்போகும்."

பயத்தில், வெட்டிய புல்லை அள்ளிப் போட்டு மறைத்தேன். பொறுப்பாளர் வந்து காலால் புல்லைத் தள்ளிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போனார். தொலைபேசி அங்கேதான் இருந்தது.

இரண்டு மண்வெட்டிகளோடும் ஒரு வாளியோடும் திரும்பி வந்தார். ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். இருவருமாகக் கறுத்த மண்ணைத் தோண்டி வாளியில் போட்டோம். ஏன் ஊற்றினேன் என்று சாந்தியிடம் கேட்டார். அவள் கறையானைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இஞ்ச கறையானே இல்லையாம், அண்ணை."

நானும் சிரித்தேன். அந்த நாட்டில் ஒருவர் என் பக்கத்தில் நின்று வேலை செய்தது அன்றுதான். செய்தது பிழை என்று தெரிந்தும், கறுத்த மண் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.