கண்களை மூடச் சொன்னவள்

வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பில் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினேன். ஓசை குமாரபாளையத்துத் தறிக் கம்பெனியின் கேன்டீனை ஒரு சுற்று சுற்றி அடங்கியது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த அக்கா மட்டும் திறக்கவில்லை. முடியில் ஒட்டிய பஞ்சு, மடியில் விரித்த கைகள், சலனமே இல்லாத முகம். பக்கத்தில் இருந்த பெண் முழங்காலைத் தொட்ட பிறகுதான் விழித்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். இந்தப் பயிற்சி யாருக்குக் கைவந்ததோ இல்லையோ, இவருக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் மைண்ட்ஃபுல்னஸ் என்னும் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி உடம்பு, காது, கண், பயம் எல்லாவற்றையும் கேட்டறிய வேண்டும். கண் மூட முடியாதவருக்கு வேறு வழி காட்ட வேண்டும். வகுப்பில் பார்த்ததை, நம்மை அழைத்த முதலாளியிடம்கூடச் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் ஷிப்ட் மாறும் இடைவெளியில் அரை மணி நேரம்தான் தர முடியும், நாற்பது பேரிடமும் தனித்தனியாகப் பேச நேரம் ஏது என்று மேனேஜர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். ஃபேர்லேண்ட்ஸில் காரில் வந்து இறங்குபவர்களிடம் மூட்டுவலி உண்டா, ஏசி காற்று ஒத்துக்கொள்ளுமா என்றுகூடக் கேட்பவள் நான். தறி ஓட்டும் பெண்களிடம் அதையெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கிண்ணத்தின் ஓசை கேட்கும்வரை கண் திறக்கக் கூடாது, திருட்டுத்தனமாகப் பார்ப்பது பயிற்சியைக் கெடுக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் எப்படியோ, அந்த அக்கா அதை அப்படியே கடைப்பிடித்தார். வாரா வாரம் அவர்தான் கடைசி. இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாற்பது பேர் முன்னால் புகழ்ந்தேன். நான் பேசும்போதெல்லாம் என் வாயையே உற்றுப் பார்த்துத் தலையசைப்பார். அவ்வளவு சிரத்தை என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு மேனேஜரிடமும் போய்ப் பெருமை பேசினேன். அவரும் அடுத்த வாரம் பார்க்க வந்தார்.

மூன்றாம் வரிசைக்குப் பின்னால் நின்றார். நான் கிண்ணத்தைத் தட்டினேன். மேனேஜர் நிற்பதால் பக்கத்துப் பெண் கையை நகர்த்தவில்லை. அவர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு காதுக்குப் பின்னால் பலமாகக் கைதட்டினார். அக்கா மூச்சைக் கவனித்தபடி லேசான சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அப்போதும் நான் பூரித்துக்கொண்டுதான் நின்றேன். மேனேஜர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

முப்பது வருஷத் தறிச் சத்தம் அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டிருந்தது. தறிகள் ஓடும் இடத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது, எல்லோரும் உதட்டைப் பார்த்தேதான் பேசிக்கொள்வார்கள். அதனால் அங்கே அவர் குறை யார் கண்ணிலும் படவில்லை. அது பிடிபடக்கூடிய ஒரே இடம் சத்தமில்லாத ஓர் அறை. அப்படி ஓர் அறையை நான்தான் உண்டாக்கினேன். அங்கே உட்காரவைத்து, அவருக்கு மிஞ்சியிருந்த கண்களையும் மூடச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் இல்லை. நிறுத்திவிட்டார்கள். மேனேஜரிடம் ஓடினேன், கெஞ்சினேன், துணி மடிக்கும் வேலையாவது கொடுங்கள் என்றேன். “காது கேக்காதவங்களத் தறிகிட்ட உட்டு, ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? நீங்க சொல்லலீன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க மேடம்” என்றார். நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தக் காதுகளைத் தின்றதே உங்கள் தறிகள்தானே என்று கத்தினேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். அவருக்கு வேலை கேட்டுப் பள்ளிபாளையம்வரை ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினேன். எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது என் வகுப்பில் எல்லோரிடமும் தனியாகப் பேசுகிறேன், யாரையும் கண் மூடக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த அக்காவுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு மத்தியானம் மனது கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கட்டிலில் பக்கவாதம் வந்த கணவர் படுத்திருந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. தலையைக் குனிந்தபடி, கேட்காமல் விட்டது, புகழ்ந்தது, போய்ச் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன்.

அவர் என் மோவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். “இன்னொருக்கா சொல்லுங்க சாமி. குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க.”

அவர் கண்ணுக்கு நேராக மறுபடியும் முழுவதையும் சொன்னேன். என் உதடுகளை விட்டுப் பார்வையை எடுக்காமல் கடைசிவரை கேட்டார். நான் நிறுத்திய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதானுங்களா? வேலைக்கு வரச் சொல்லீட்டாங்கன்னு சொல்ல வந்தீங்களோன்னு நெனச்சேன்.”

என் வாய் அசையவில்லை. அவர் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.